எந்த மார்க் எங்கே செல்லும்?

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் உசிலம்பட்டியிலோ மேலூரிலோ எந்த டீக்கடை வாசலில் நின்றாலும் காதில் விழுவது ஒரே கேள்விதான். "எம்புட்டு?" "ஐநூத்தி அம்பத்திரண்டு." "அடேயப்பா, கெட்டிக்காரிதான்." அதோடு பேச்சு முடிந்துவிடும். பொறியியல் கவுன்சலிங்கில் அந்த 552ஐ வைத்து ரேங்க் போடுவதில்லை என்பது ஜூலை மாதம்தான் வீட்டுக்குத் தெரியவரும்.

இரண்டு மார்க் ஷீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பிள்ளை தமிழ் 98, ஆங்கிலம் 97, கணிதம் 80, இயற்பியல் 88, வேதியியல் 90, கணினி அறிவியல் 99. மொத்தம் 552. இரண்டாவது பிள்ளை தமிழ் 80, ஆங்கிலம் 76, கணிதம் 96, இயற்பியல் 92, வேதியியல் 90, கணினி அறிவியல் 86. மொத்தம் 520. ரேங்க் போட எடுக்கும் பி.இ. கட்-ஆஃப் மார்க்கை 200க்குப் போடுவார்கள்: கணிதம் முழு 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. முதல் பிள்ளைக்கு 80 + 44 + 45 = 169. இரண்டாவது பிள்ளைக்கு 96 + 46 + 45 = 187. மொத்தத்தில் 32 மார்க் பின்னால் நிற்கிற பிள்ளை கட்-ஆஃபில் 18 முன்னால் போய்விட்டது. 169க்கும் 187க்கும் நடுவில் ஆயிரக்கணக்கான ரேங்க் உட்கார்ந்திருக்கும்.

தமிழும் ஆங்கிலமும் வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த மார்க் செல்லுகிற கடை வேறு. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கை வைத்துத் தரவரிசை, பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க்கை வைத்துத் தரவரிசை. மற்ற பட்டப்படிப்புகளுக்கு மொழிப்பாடம் இரண்டையும் விட்டுவிட்டு, மீதி நான்கு பாடங்களையும் கூட்டி 400க்குப் பார்ப்பார்கள். கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் முழு 100, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி பாதி. ஃபர்ஸ்ட் குரூப்பில் கணிதம் 78, இயற்பியல் 84, வேதியியல் 88, உயிரியல் 95 வாங்கிய ஒரு பையனுக்கு பி.இ. கட்-ஆஃப் 164, கால்நடைக்கு 181. ஒரே பையன், ஒரே பரீட்சை. அவனை "164 கட்-ஆஃப்" என்று மட்டும் சொல்லி ஒடுக்கிவிட்டால் பாதி உண்மைதான்.

இந்தக் கணக்கைப் போட வேண்டிய மாதம் மே அல்ல, அரையாண்டுத் தேர்வு முடிந்த டிசம்பர். அரையாண்டு மார்க்கை வைத்து ஒரு பிள்ளைக்கு எத்தனை வகைக் கட்-ஆஃப் போட முடியுமோ அத்தனையும் ஒரே தாளில் எழுதுங்கள். போன மூன்று வருடத்தில் அதே சமூகப் பிரிவுக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு எந்தக் கட்-ஆஃபில் மூடியது என்பதைப் பக்கத்தில் குறியுங்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். வினாத்தாள் சுலபமாக வந்த வருடம் எல்லாருக்குமே மார்க் ஏறிவிடும், கட்-ஆஃபும் கூடவே ஏறும். தாள் கையில் இருந்தால் அடுத்த மூன்று மாதப் படிப்பு எதில் விழ வேண்டும் என்பது தானாகத் தெரியும். பி.இ.தான் என்று முடிவானால், கணிதத்தில் கூடும் 1 மார்க் இயற்பியலில் கூடும் 2 மார்க்குக்குச் சமம். இரண்டு பேர் ஒரே கட்-ஆஃபில் நின்றாலும் முதலில் பார்ப்பது கணித மார்க்கைத்தான், அடுத்து இயற்பியலை. இது தெரியாமல் கணினி அறிவியலில் சென்டம் வாங்க ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் ஊருக்கு நாலு பேர் உண்டு.

பத்தாவது முடித்ததும் குரூப் எடுக்கும்போதும் இதே கேள்விதான்: எந்தக் குரூப் எங்கே செல்லும்? "நல்லாப் படிக்கிறவனுக்கு ஃபர்ஸ்ட் குரூப், சுமாருக்கு காமர்ஸ், மத்ததுக்கு வொகேஷனல்" என்று தராசு பிடிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. அதைவிட, ஒவ்வொரு குரூப்பும் எந்தக் கதவைச் சாத்துகிறது என்று பார்ப்பது பயன்படும். கணிதமும் உயிரியலும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் எதையும் சாத்தாது, சுமைதான் அதிகம். கம்ப்யூட்டர் குரூப் எடுத்தால் கால்நடையும் பி.எஸ்சி. நர்சிங்கும் போய்விடும். ஆனால் பி.ஃபார்ம். போகாது, உயிரியலுக்குப் பதில் கணிதம் இருந்தாலும் ஏற்பார்கள். பல வீடுகளில் இதைத் தெரியாமலேயே விட்டுவிடுகிறார்கள். தாவரவியலும் விலங்கியலும் எடுக்கிற பியூர் சயின்ஸ், கணிதத்தை விட்டுவிடுவதால் பொறியியலைச் சாத்தும். காமர்ஸ் குரூப் அறிவியல் பக்கம் முழுவதையும் சாத்தும், பதிலுக்கு சி.ஏ. என்ற பட்டயக் கணக்காளர் படிப்பின் பக்கம் ஒரு கதவை அகலத் திறந்து வைக்கும்.

கணிதத்துக்குப் பயந்து பியூர் சயின்ஸ் எடுக்கிற பிள்ளையிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குரூப்பிலும் இயற்பியல் இருக்கிறது. பத்தாவதில் கணக்கு வராத பிள்ளை பிளஸ் ஒன் இயற்பியலில் முதல் இரண்டு பாடத்திலேயே மூச்சு முட்டும், ஏனென்றால் அது முழுக்கக் கணக்கு. "என்ன ஆகப்போற?" என்று கேட்பதால் இதெல்லாம் வெளியே வராது. பதினைந்து வயதுப் பிள்ளை டாக்டர், கலெக்டர், போலீஸ் என்று மூன்றில் ஒன்றைச் சொல்லி நம்மை அனுப்பிவிடும். "எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படிச்ச? எந்தப் புத்தகத்தைப் பரீட்சைக்கு முந்தின நாள் வரைக்கும் தொடாம வச்சிருந்த?" என்று கேட்டால் பதில் நேராக வரும். குரூப் தப்பாகிவிட்டது என்று தெரிந்தால் பிளஸ் ஒன் தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் தலைமை ஆசிரியரைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். காலாண்டு தாண்டினால் பள்ளிக்கும் சிரமம், பிள்ளைக்கும் சிரமம்.

பிளஸ் ஒன் பாடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்தும் வழக்கத்தைத் தடுக்கத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத்தேர்வு போய்விட்டது. பரீட்சைப் பயம் குறைந்தது நல்லதுதான். ஆனால் மருத்துவத்துக்கான நீட்டிலும் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கான ஜே.இ.இ.யிலும் ஏறக்குறைய பாதிக் கேள்விகள் பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வருகின்றன. கல்லூரியில் முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் விழுவதும் அங்கே விட்ட ஓட்டையால்தான். பள்ளி நடத்தினாலும் நடத்தாவிட்டாலும் அந்தப் புத்தகத்தை முடித்தாக வேண்டும்.

பத்தாவதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் நடக்கிற பெரிய சறுக்கல் வேறு ஒன்று. அரசுப் பள்ளியில் 480 வாங்கிய பிள்ளையை, "நீட் கோச்சிங்கோட சேத்துத் தர்றாங்க" என்று தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்துவிடுவார்கள். கட்டணச் சலுகைகூடக் கிடைக்கும். போனது என்ன என்று இரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணம் மட்டுமல்ல, விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் (2022), மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) இதே ஆறு முதல் பன்னிரண்டு என்ற நிபந்தனையைத்தான் பார்க்கின்றன. இரண்டு வருடப் பள்ளி மாற்றத்தில் இதெல்லாம் செல்லாமல் போகும். அரசு உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளியும் ஒன்று என்று நினைப்பது இன்னொரு குழப்பம். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு, 7.5 சதவீதம் கிடையாது. இதைச் சொல்லாமல் டி.சி. வாங்கிக் கொடுக்கிற பெரியவர்கள்மேல் கோபம்தான் வருகிறது.

சான்றிதழ் வேலையை ரிசல்ட்டுக்குப் பிறகு தொடங்கினால் இ-சேவை மையத்திலும் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்திலும் வரிசை தெருவரைக்கும் நிற்கும். கடைசிப் பரீட்சை எழுதிய மறுவாரமே சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் பார்த்துவிட வேண்டும். எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்திருந்தால் பொறியியல் கவுன்சலிங்குக்கு இருப்பிடச் சான்று வேண்டாம், அதற்காக அலைய வேண்டியதில்லை. முதல் பட்டதாரிச் சலுகை கவுன்சலிங் வழியாக வரும் சீட்டுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு இல்லை. வீட்டில் அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தால் அந்தச் சான்று கிடைக்காது. மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று நீட் அகில இந்திய ஒதுக்கீட்டுக்கோ, ஜே.இ.இ.க்கோ செல்லாது. அங்கே மத்திய அரசுப் படிவத்தில் தனியாக ஓ.பி.சி. சான்று வேண்டும், அதுவும் நடப்பு நிதியாண்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். ஏப்ரலுக்கு முன்னால் வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஜூலையில் மறுபடி ஓடுவார்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பத்தாவது மார்க் ஷீட்டில் எப்படியோ அப்படியே எல்லாவற்றிலும் இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

விண்ணப்பம் போடும்போது நடக்கிற சின்னத் தப்பு ஒன்று பெரிய சேதம் செய்யும். பிரவுசிங் சென்டரில் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கடைக்காரர் தன்னுடைய மின்னஞ்சலையும் போன் நம்பரையும் போட்டுவிடுவார். பிறகு ஓ.டி.பி. அவருக்குப் போகும், ஒதுக்கீட்டுத் தகவலும் அவருக்கே போகும். அன்றைக்கு அவர் கடை பூட்டியிருக்கும். வீட்டில் நிரந்தரமாக இருக்கிற ஒரு நம்பரைக் கொடுங்கள், கடவுச்சொல்லை நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே விண்ணப்பத்தில் எல்லாம் அடங்கும் என்றும் நினைக்காதீர்கள். பொறியியலுக்கு ஒன்று, கால்நடைக்கு ஒன்று, ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் படிக்க வேண்டுமானால் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, பாராமெடிக்கலுக்கு ஒன்று, அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒன்று. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட், ஜே.இ.இ. ஆகியவற்றுக்கு ரிசல்ட் வருவதற்கு முன்பே கதவு மூடிவிடும். கிளாட் தேர்வே டிசம்பரில் நடந்து முடிந்துவிடுகிறது.

பொறியியல் கவுன்சலிங்கில் சாய்ஸ் ஃபில்லிங் என்ற கட்டத்தில்தான் அதிகம் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஒவ்வொரு சாய்ஸும் ஒரு கல்லூரியும் ஒரு பாடப்பிரிவும் சேர்ந்த ஜோடி. உங்கள் ரேங்க் வரும்போது மென்பொருள் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, இடம் இருக்கிற முதல் ஜோடியைக் கொடுக்கும். ஆகவே ஆசையின் வரிசையில்தான் எழுத வேண்டும், கிடைக்கும் என்ற நம்பிக்கையின் வரிசையில் அல்ல. கிடைக்காது என்று தோன்றும் கல்லூரியை உச்சியில் வைப்பதால் கீழே உள்ளதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. "சேஃப்டிக்கு" என்று ஒரு சுமாரான கல்லூரியை முதலிடத்தில் வைத்தவருக்கு அதுதான் கிடைக்கும். மேலே கிடைத்திருக்கக்கூடியதை அவர் கேட்கவே இல்லையே. பத்துப் பதினைந்து சாய்ஸோடு நிறுத்துவதும் தப்பு. 170க்குக் கீழே இருப்பவர்கள் நாற்பது ஐம்பது ஜோடியாவது எழுத வேண்டும். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் நிறைய. பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணை வைத்துச் சரிபாருங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுச் சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலே காத்திருக்கிறேன், வேண்டாம் என்பது மாதிரித் தெரிவுகள் வரும். கெடுவுக்குள் எதையும் அழுத்தாமல் விட்டால் சீட் போய்விடும்.

கல்லூரியா, பாடப்பிரிவா என்று கேட்டால், கட்-ஆஃப் நல்லபடியாக இருக்கிறவரை கல்லூரி என்பதுதான் என் பதில். திருப்பரங்குன்றத்தில் 1957இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி மாதிரி ஓர் இடத்தில் மெக்கானிக்கல் கிடைப்பதும், ஆசிரியர் பாதிப்பேர் வருடாவருடம் மாறுகிற கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் வைத்த பிரிவு கிடைப்பதும் ஒன்றல்ல. இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. பிளெக்ஸ் பேனரில் இருக்கும் பிளேஸ்மென்ட் போட்டோவைவிட அந்தப் பட்டியல் நிஜம் பேசும். தரச் சான்றுகள் இரண்டு உண்டு: நாக் (NAAC) மதிப்பீடு கல்லூரி முழுவதற்கும் தருவது, என்.பி.ஏ. அங்கீகாரம் தனிப் பாடப்பிரிவுக்குத் தருவது. "எங்க காலேஜுக்கு என்.பி.ஏ. இருக்கு" என்று யாராவது சொன்னால், "எந்தப் பிரிவுக்கு?" என்று கேளுங்கள்.

கலை அறிவியல் பக்கம் மதுரை கொடுத்து வைத்த ஊர். அமெரிக்கன் கல்லூரி 1881, மதுரைக் கல்லூரி 1889, லேடி டோக் 1948, தியாகராசர் கலைக் கல்லூரி 1949, பாத்திமா 1953. இந்தக் கல்லூரிகளில் சேரும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இந்தப் படிப்பு அரசு உதவியில் நடக்கிற எய்டடா, கல்லூரியே கட்டணம் வாங்கி நடத்துகிற செல்ஃப் ஃபைனான்ஸா (சுயநிதியா)? ஒரே வளாகத்தில், ஒரே கல்லூரிப் பெயரில், எய்டட் பிரிவுக்குக் கட்டணம் மிகக் குறைவு, சுயநிதிப் பிரிவுக்குப் பல மடங்கு. அப்பா அம்மா கூலி வேலைக்குப் போகிற வீடு என்றால், சுயநிதியில் பி.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) எடுப்பதைவிட எய்டடில் பி.எஸ்சி. கணிதமோ பொருளாதாரமோ எடுத்து, மிச்சமாகும் பணத்தில் வேறு தேர்வுக்குத் தயாராவது மேல். கோரிப்பாளையம் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, மேலூர் அரசு கலைக் கல்லூரி போன்றவற்றுக்கு ஆன்லைன் விண்ணப்பம் ஒன்றே, 50 ரூபாய்க்குள் ஐந்து கல்லூரிவரை தெரிவு செய்யலாம். கல்லூரியைத் தெரிவு செய்யும்போது பஸ்ஸையும் பாருங்கள். முதல் வகுப்புக்கு முன்னால் வந்து சேர்கிற டவுன் பஸ் இல்லாத கிராமத்துப் பெண், எவ்வளவு நன்றாகப் படித்தாலும் வருகைப் பதிவில் அடி வாங்குவாள்.

பட்டத்தின் பெயரும் ஒரு நாள் செல்லுமா செல்லாதா என்ற கேள்வியில் வந்து நிற்கும். புதிதாகப் பெயர் சூட்டிய பட்டம் பழைய பட்டத்துக்குச் சமம் என்று இணைத்தன்மை அரசாணை இல்லாவிட்டால், ஆசிரியர் தேர்வு வாரியத்திலும் டி.என்.பி.எஸ்.சி.யிலும் சான்றிதழ் சரிபார்ப்பில் தடுக்கி விழ வேண்டியிருக்கும். ஆசிரியர் வேலையை நினைத்திருக்கிற பிள்ளை, சேரும் முன்பே அந்தத் துறைத் தலைவரிடம் அரசாணை எண்ணைக் கேட்பது தப்பே இல்லை. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. பள்ளி முழுதும் தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கில வழிக்கு மாறினால், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பதவிகளில் அது கைவிட்டுப் போகும். பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை கலைந்து வாங்கிய தொலைதூரப் பட்டங்களும் அரசு வேலையில் தடுக்கி விழும்.

நர்சிங் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் "ஒரே வருடத்தில் நர்ஸ், 100% வேலை" என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கும். துணை நர்ஸ் படிப்பான ஏ.என்.எம். இரண்டு வருடம், நர்சிங் டிப்ளமோவான ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். இவற்றை முடித்து, தமிழ்நாடு நர்சுகள் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் சட்டப்படி நர்ஸ். ஒரு வருடச் சான்றிதழை வைத்துக்கொண்டு கவுன்சில் பதிவும் கிடைக்காது, அரசு வேலையும் கிடைக்காது, மேற்படிப்பும் கிடையாது. சின்ன கிளினிக்கில் குறைந்த சம்பளத்துக்கு நிற்கலாம், அவ்வளவுதான். எந்த மருத்துவப் படிப்புக்கும் மூன்று கேள்வி போதும்: பரீட்சை நடத்துவது யார், சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம், பதிவு எந்தக் கவுன்சிலில்? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். இதற்கு எதிர்ப்பக்கமாக, 1976இல் 11 படுக்கையோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பிளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து வேலையில் வைக்கிறது. அங்கே கற்பது எந்த வேலை, கண்ணாடி பரிசோதிக்கிற ஆப்டோமெட்ரி பட்டத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொண்டு சேர்ந்தால் அது நேர்மையான வழி.

நீட்டுக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை உட்காருவது அவரவர் விருப்பம். ஆனால் தகுதி மார்க் வேறு, சீட் கிடைக்கும் மார்க் வேறு. "பாஸாயிட்டான்" என்று கேக் வெட்டிவிட்டு மற்ற விண்ணப்பம் எதையும் போடாமல் இருந்த வீடுகளில் ஆகஸ்டில் அழுகைதான். நீட் எழுதினாலும், நீட் கேட்காத கால்நடை, பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம். எல்லாவற்றுக்கும் போட்டு வைக்க வேண்டும்.

காமர்ஸ் பிள்ளைகளுக்கு சி.ஏ. ஃபவுண்டேஷன் என்று ஒன்று இருப்பதே பள்ளியில் யாரும் சொல்வதில்லை. நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம். பதிவைப் பத்தாவது முடித்ததும் செய்துகொள்ளலாம், தேர்வு பிளஸ் டூவுக்குப் பிறகு. செலவு ஒரு வருடச் சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தைவிடக் குறைவாகவே முடியும், கேட்கிற விலை பொறுமைதான். பாலிடெக்னிக்கையும் யோசியுங்கள். பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்தவர் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம், முடித்ததும் பி.இ.யிலும் நேராக இரண்டாம் வருடம் சேரலாம்.

கல்லூரியில் சேரும்போது அசல் சான்றிதழ்களைக் கொடுத்தால் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொன்னது. "மார்க் ஷீட்டைக் கொடுத்துட்டுப் போங்க, சீட் ஹோல்டு பண்றோம்" என்று மே மாதமே கேட்கும் இடத்தில் ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள். கவுன்சலிங்கில் நல்ல இடம் வந்தபிறகு அந்த மார்க் ஷீட்டை மீட்க ஓடுகிற ஓட்டம் மிச்சமாகும். அசலை ஸ்கேன் செய்து, கூடவே பத்துப் பிரதி ஜெராக்ஸும் எட்டுப் பாஸ்போர்ட் போட்டோவும் ஒரே பையில் இருக்கட்டும். டி.சி. ஒன்றுதான் வரும், அதற்கு மட்டும் லேமினேஷன் போட்டுவிடாதீர்கள், கல்லூரியில் அதன்மேல்தான் எழுதி முத்திரை வைப்பார்கள்.

ரிசல்ட் அன்று ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைக்கு யாரும் போன் செய்வதில்லை. துணைத் தேர்வு சில வாரங்களிலேயே வந்துவிடும், அதே பாடத்தை மட்டும் எழுதினால் போதும். அதில் தேறியவர்களுக்காகவே பொறியியலில் துணைக் கலந்தாய்வு நடக்கிறது, அப்போதும் காலி இடங்கள் இருக்கும். கே.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் சேரப் பத்தாவது தேர்ச்சியே போதும் என்பதால், பிளஸ் டூவில் விழுந்தது அங்கே கணக்கில் வராது. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் முதலில் நிரம்பும். துணைத் தேர்வுக்குப் பணம் கட்டிய கையோடு ஐ.டி.ஐ. விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள்.